காலநிதியார் கட்டிய ஓலைகள்

முன்னொரு காலத்திலே, கிரகங்கள் எல்லாம் வானத்தில் தங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க, கீழே ஒரு தேசத்தில் மட்டும் அவற்றை நிம்மதியாக இருக்கவிடாத ராஜா ஒருவர் இருந்தார். வல்லபராசர் என்று பெயர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குடிகளிடம் பிரியமானவர், தாயில்லாத ஒரே மகள் குமுதவல்லியிடம் உயிரையே வைத்திருந்தவர். அவரிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்றுதான். ஏதாவது ஒரு சங்கதி அவருக்குப் பிடித்துப்போனால், அதை ஊர் முழுவதற்கும் பிடிக்கவைக்காமல் ஓயமாட்டார். அவர் புறா வளர்த்த வருஷத்தில் ஊரில் புறா எச்சம் படாத தலைப்பாகை கிடையாது. மூச்சுப் பயிற்சி பழகிய வருஷத்தில் சந்தையில் கத்தரிக்காய் விற்றவள்கூட ஒரு மூக்கை அடைத்துக்கொண்டுதான் விலை சொன்னாள்.

இப்படி இருக்கையில் ஒரு விருந்துக்குப் பிறகு ராஜாவுக்கு விக்கல் வந்தது. வந்த விக்கல் போகவில்லை. அரண்மனை வைத்தியர் பூரணத்தம்மை திப்பிலியைப் பொடி செய்து தேனில் குழைத்துக் கொடுத்தாள். விக்கல் நிற்கவில்லை. அப்போது ஆஸ்தான சோதிடர் காலநிதியார் எழுந்து, "மருந்து சரி, மகாராசா. வேளைதான் சரியில்லை. குரு ஓரையில் கொடுத்துப் பாருங்கள்" என்றார். குரு ஓரையில் அதே திப்பிலியைக் கொடுத்தார்கள். விக்கல் நின்றுவிட்டது. தின்ற விருந்து அதற்குள் செரித்துப்போயிருக்கும் என்பது நம் அபிப்பிராயம். அதை ராஜாவிடம் யார் போய்ச் சொல்வது?

மறுநாள் சபையில் வல்லபராசர் உடைவாளைத் தொட்டு ஓர் ஆணை பிறப்பித்தார். பிரதானி உடையப்பர் அதை உரக்கப் படித்தார்:

"இன்று முதல் இத்தேசத்தில் சோதிடம் சேராத மூலிகை எவர் உடம்பிலும் இறங்கக் கூடாது. காலநிதியார் குறித்த வேளைக்கு முன் மூலிகையைப் பறிக்கும் கையும், கொடுக்கும் கையும் வெட்டப்படும். அரண்மனையானாலும் குடிசையானாலும் சட்டம் ஒன்றே."

 சபையில் பூரணத்தம்மை மட்டும் எழுந்தாள். ராஜாவின் தகப்பனார் காலத்திலிருந்தே நாடி பிடிக்கிறவள், யாருக்கும் பயப்படத் தெரியாதவள்.

"மகாராசா, நானும் நாளும் கோளும் பாக்கிறவதான். வேர் பறிக்கப் போனா நல்ல நட்சத்திரமா பாத்து, செடிக்கு மஞ்சக் காப்புக் கட்டி, 'தாயே, ஒரு உசிரைக் காப்பாத்த எடுக்கிறேன், கோவிச்சுக்காதே'ன்னு கும்பிட்டுட்டுத்தான் கை வைப்பேன். அதெல்லாம் நிதானமா இருக்கிறப்ப செய்யிற காரியம். வாந்தியும் பேதியுமா வந்து வாசல்ல விழுறவனைப் பாத்து, போயிட்டு வியாழக்கிழமை வாப்பான்னு எப்படிச் சொல்லுவேன்?"

"சொல்லத்தான் வேண்டும் அம்மையே" என்றார் ராஜா. "எனக்கு விக்கல் நின்றதை நீரே பார்த்தீர் அல்லவா?"

அந்தச் சபையில் குழைக்காதன் என்று ஒருவன் உண்டு. விகடம் பேசுவதற்கென்றே ராஜா வைத்திருந்த ஆள். ஈர்க்குச்சி உடம்பு, அதன்மேல் பெரிய தலைப்பாகை. வழக்கமாக ராஜா வாய் மூடுமுன் அவன் வாய் திறந்துவிடும். அன்று பேசாமல் காதைச் சொறிந்துகொண்டிருந்தான். பிறகு, "பிரதானியாரே, அதை இன்னொரு தரம் படியுங்கள்" என்றான். படித்தார். "இன்னும் ஒரே ஒரு தரம்" என்றான். உடையப்பருக்கு எரிச்சல். தன்னைவிட ராஜாவுக்குப் பக்கத்தில் இந்தக் கோமாளி உட்காருவதே அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல். இருந்தாலும் படித்தார். குழைக்காதன் உதட்டை அசைத்து அசைத்து அதை மனப்பாடம் செய்துகொண்டான்.

மறுநாளே காலநிதியார் பூரணத்தம்மையின் மூலிகைத் தோட்டத்துக்குள் ஒரு கட்டு ஓலை நறுக்குகளோடு நுழைந்தார். எந்தச் செடிக்கு எந்தக் கிரகம், எந்த நட்சத்திரத்தில், எந்த ஓரையில் பறிக்கலாம் என்று நறுக்கில் எழுதி, மஞ்சள் நூலில் கோத்து, செடிக்கு ஒன்றாகத் தம் கையாலேயே கட்டினார். தூதுவளைக்கு ஒன்று, ஆடாதோடைக்கு ஒன்று. முழங்கால் உயரம்கூட வராத கீழாநெல்லிக்கும் குனிந்து குனிந்து, கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவதுபோல முடிச்சுப் போட்டார். ராஜா அதைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

ஊரில் பல்வலிக்காரன் காலநிதியார் வீட்டு வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருமல்காரன் அவன் பின்னால் நின்று இருமினான். நெசவாளி ஒருவன் மட்டும், சுரத்தில் பிதற்றிய மனைவிக்குப் பொறுக்கமாட்டாமல் நிலவேம்புக் கஷாயம் கொடுத்துவிட்டான். மனைவி எழுந்து உட்கார்ந்தாள், அவன் சிறைக்குப் போனான். தறி பிடிக்கிற கையை வெட்டுவதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் ராஜாவின் காதுக்கு வரும்போது, "சட்டம் நன்றாக நடக்கிறது" என்ற ஒரே வார்த்தையாகச் சுருங்கி வந்தது.

அப்புறம்தான் அந்த விடியற்காலை வந்தது.

குமுதவல்லி எப்போதும் தகப்பனாரை எழுப்ப ஓடிவருகிற பிள்ளை. அன்று வரவில்லை. ராஜாவே அவள் அறைக்குப் போனார். "அம்மாடி, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!" என்று போர்வையை விலக்கினார். குழந்தை மெல்லக் கண்ணைத் திறந்தது. ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணில் வெள்ளையே இல்லை. மஞ்சள் குழம்பை ஊற்றிவைத்ததுபோல இரண்டு கண்ணும் இருந்தன. நகமும் மஞ்சள், நாக்கும் மஞ்சள்.

"அப்பா, வயிறு பொரட்டுது. சோறு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

பூரணத்தம்மையும் காலநிதியாரும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். அவள் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். அவர் ஜாதகக் கட்டத்தை விரித்தார்.

"காமாலை" என்றாள் பூரணத்தம்மை. "கீழாநெல்லியைப் பறிச்சு அரைச்சு ஆட்டுப்பால்ல கொடுத்தா அடங்கிடும். இப்பவே கொடுக்கணும்."

காலநிதியார் தலையை ஆட்டினார். "இளவரசிக்கு இன்று சந்திராஷ்டமம், மகாராசா. அது விலகினால் அஷ்டமி நவமி. அதற்கப்புறம் கரிநாள். அமாவாசை கழிந்து வருகிற முதல் புதன்கிழமை, புதன் ஓரையில்தான் இளவரசியின் ஜாதகத்துக்குக் கீழாநெல்லி பொருந்துகிறது."

ராஜா சற்றுத் தெளிந்தார். நாள் குறித்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று அவருக்குப் பட்டது. பூரணத்தம்மை குழந்தையின் கையை விடவில்லை. 

"அமாவாசை வரைக்கும் தாங்காது மகாராசா."

"என்ன தாங்காது?"

"கொளந்தை."

 அந்த ஒரு வார்த்தையை ராஜாவின் காது கேட்டது, புத்தி வாங்கிக்கொள்ள மறுத்தது. அவர் அப்படியே திரும்பிக் காலநிதியாரின் கைகளைப் பற்றிக்கொண்டார். "வேளையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாரும் ஐயா. ஒரு நாலு நாள். இன்றைக்கே என்றாலும் சரி."

காலநிதியாருக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் ஊரில் அத்தனை பேருக்கும் அசைந்து கொடுக்காத கிரகம் அரண்மனைக்கு மட்டும் அசைந்தது என்றால் நாளைக்கு யார் அவரை நம்புவார்கள்? "கிரகங்கள் என் பேச்சைக் கேட்டு நடப்பவை அல்லவே, மகாராசா" என்று முனகினார்.

பின்னால் நின்ற பிரதானி உடையப்பர் பணிவாகக் குனிந்தார். "தாங்கள் உடைவாளைத் தொட்டுச் சொன்ன சொல். அரண்மனையானாலும் குடிசையானாலும் ஒன்றே என்று தங்கள் திருவாயால் அருளியது. நெசவாளி சிறையில் இருக்கிறான். ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது."

வல்லபராசர் தம் வாழ்நாளில் முதல் தடவையாகத் தம்முடைய ஆணையைத் தாமே எதிரே நின்று பார்த்தார். அது இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. தாண்டிப் போகவும் வழியில்லை, சுற்றிப் போகவும் வழியில்லை. மகளை மடியில் கிடத்திக்கொண்டு குழைக்காதனைக் கூப்பிட்டனுப்பினார்.

அவன் வந்தான். வாசலில் நின்று குழந்தையின் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ சாயங்காலங்களில் அவன் தலைப்பாகைக்குள் எலி இருப்பதாக நம்பி, அதைத் தட்டித் தட்டிச் சிரித்த குழந்தை அது. அவன் முகத்திலிருந்து விகடமெல்லாம் வடிந்துபோயிற்று. நெஞ்சில் குத்து வாங்கியவன்போலக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

ராஜா மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "குழைக்காதா, என் மகள் பிழைக்க வேண்டும். என் ஆணையும் பிழைக்க வேண்டும். இரண்டில் எது செத்தாலும் நான் உயிரோடு இருந்து பயனில்லை. ஒரு வழி சொல். சொல்லத் தெரியாவிட்டால், இத்தனை நாள் என்னைச் சிரிக்கவைத்தாயே, அந்தக் குற்றத்துக்காக உன் தலையை வாங்குவேன்."

பாருங்கள், துக்கம் வந்தால் ராஜாக்களுக்கு நியாயம் தெரிவதில்லை. உடையப்பர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மருந்து கொடுத்தால் கோமாளியின் கை போகும், கொடுக்காவிட்டால் தலை போகும். எப்படிப் பார்த்தாலும் ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் காலி.

குழைக்காதன் சோதிடர் பக்கம் திரும்பினான். கேட்டான்: "காலநிதியாரே, பால் மூலிகையா?"

"இது என்ன கேள்வி? பால் ஆகாரம். அதற்கு வேளை பார்க்க வேண்டியதில்லை."

"பிரதானியாரே, நம் மகாராசாவின் சட்டம் ஆடு மாடுகளுக்கும் உண்டா?"

உடையப்பர் வாய்விட்டே சிரித்தார். "ஆட்டுக்கும் மாட்டுக்குமா சட்டம் எழுதுவார்கள்? கை உள்ளவனுக்குத்தான் சட்டம்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுக் குழைக்காதன் ஓடினான்.

திரும்பி வந்தபோது ஒரு கறுப்பு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் ஆடுதான் அவனை இழுத்துக்கொண்டு வந்தது. கழுத்துமணி கணகணவென்று அடிக்க, கொலுமண்டபத்து ரத்தினக் கம்பளத்தின்மேல் புழுக்கை உதிர்த்துக்கொண்டே அந்தப்புரத்துக்குள் நுழைந்தது. தாதிகள் அலறினார்கள். காவற்காரன் வேலை நீட்டினான். யாரைக் குத்துவது என்று தெரியாமல் திரும்ப இழுத்துக்கொண்டான்.  மகள் சாகக் கிடக்கிறாள், இவன் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறானே! "அடப் பாவி!" என்று எழுந்த ராஜாவின் கை அப்படியே நின்றது. மணிச் சத்தம் கேட்டுக் குமுதவல்லி கண்ணைத் திறந்திருந்தது. காலையில் மூடியபின் திறக்காத கண்.

"ஆடு" என்றது குழந்தை, ஈனக் குரலில். "எனக்கா?"

"ஒனக்குத்தான் தாயே" என்றான் குழைக்காதன். "வேளா வேளைக்கு இதோட பாலைக் குடிச்சிரணும். குடிக்கலேன்னா இது என்னைய முட்டும். வர்ற வழியிலயே முட்டிச்சு."

குழந்தையின் உதடு கொஞ்சம் விரிந்தது. ராஜா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். சாகிற பிள்ளையின் கடைசி ஆசையாவது நிறைவேறட்டும் என்று அவருடைய நெஞ்சு அழுதது.

அன்று வெயில் ஏறிய வேளையில் அவர் மேல்மாடத்துச் சாளரத்தின் வழியாகக் கீழே பார்த்தார். பார்த்தவர் திகைத்துப்போனார். மூலிகைத் தோட்டத்தின் நடுவில் ஆடு நின்றது. பூரணத்தம்மை வரப்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, "அங்கிட்டுப் போடி, ராசாத்தி, கெழக்கால போ" என்று ஆட்டை வாயாலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். குழைக்காதன் அதைவிட மோசம். காவற்காரனைக் கொண்டு தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிவிட்டுக்கொண்டு, தலைப்பாகை நழுவி மூக்கில் விழுந்தது தெரியாமல் ஆட்டின் பின்னால் நடந்துகொண்டிருந்தான். ஆடு கிழக்குப் பாத்தியில் வாயை வைத்தது.

கிழக்குப் பாத்தியில் என்ன செடி என்று ராஜாவுக்குத் தெரியும். கூப்பிட்டுக் கேட்கலாமா என்று வாயைத் திறந்தார். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் தெரிந்துகொண்டாக வேண்டும். தெரிந்துகொண்டால் ராஜாவாக நடக்க வேண்டும். சாளரத்துக் கதவை அவரே சாத்திவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பக்கமே அவர் எட்டிப் பார்க்கவில்லை.

குழந்தை பாலைக் குடித்தது. முதலில் பாதியைக் கக்கியது. பிறகு கக்காமல் குடித்தது. ராஜா சோறு தண்ணீர் இல்லாமல் பக்கத்திலேயே கிடந்தார். அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு காலையில் யாரோ அவர் மீசையைப் பிடித்து இழுத்தார்கள். திடுக்கிட்டு விழித்தார்.

"அப்பா, பசிக்குது. புளிப்பா ஏதாச்சும் வேணும். நெல்லிக்கா ஊறுகா இருக்கா?"

ராஜா அந்தக் கண்களைப் பார்த்தார். மஞ்சள் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. நடுவில் பழைய வெள்ளை தெரிந்தது. அவர் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். என்னவோ ஏதோ என்று தாதிகளும் சேர்ந்து அழுதார்கள். குழந்தைக்குத்தான் ஒன்றும் புரியவில்லை, ஊறுகாய்தானே கேட்டோம் என்று விழித்தது.

அந்தச் சந்தோஷம் சபைக்குப் போகும் வரைதான் நிலைத்தது. சபையில் பிரதானி உடையப்பர் கையில் ஓர் ஓலையோடு நின்றார்.

"மகாராசா, இது குற்றப்பத்திரம். குழைக்காதன் ஓர் ஆட்டைக் கீழாநெல்லிப் பாத்தியில் மேயவிட்டு, அதன் பாலை இளவரசிக்குக் குடிக்கக் கொடுத்து வருகிறான். வேளைக்கு முன்பே மூலிகை இளவரசியின் உடம்பில் இறங்கிவிட்டது. சட்டப்படி அவன் கையை வெட்ட வேண்டும். பூரணத்தம்மை உடந்தை, அவள் கையையும் வெட்ட வேண்டும். அமாவாசை கழியும்வரை அந்தப் பாலை நிறுத்த வேண்டும்."

ராஜா சிங்காதனத்தில் முன்னுக்கு நகர்ந்தார். "பாலை நிறுத்தினால்?" என்று பூரணத்தம்மையைப் பார்த்துக் கேட்டார்.

"நோய் பாதி வழியிலதான் நிக்குது. இப்ப நிறுத்தினா திரும்பி வந்துரும். ரெண்டாவது தடவை வந்தா நம்ம கையில இல்லை."

சாத்திய சாளரம் ராஜாவின் நினைவுக்கு வந்தது. தெரியாது என்று இனி நடிக்க முடியாது. சபையே கேட்டுவிட்டது. மகளை எழுப்பி உட்காரவைத்த கையைத் தம் வாயாலேயே வெட்டச் சொல்ல வேண்டுமா? 

"குழைக்காதா, உனக்கு என்ன சொல்ல இருக்கிறது?"

"குற்றவாளியைக் கூட்டி வந்திருக்கிறேன் மகாராசா" என்று குழைக்காதன் ஆட்டை முன்னால் தள்ளினான். "மூலிகையைப் பறித்தது இவள்தான். கையை வெட்டலாம். எது கை என்று பிரதானியார் காட்டிக்கொடுக்க வேண்டும். கை உள்ளவனுக்குத்தான் சட்டம் என்று அவரே சொன்னார்."

சபையில் ஒரு சிரிப்பு எழும்பி, ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. உடையப்பர் அசையவில்லை. இதை அவர் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார்.

"கை கிடக்கட்டும் மகாராசா. ஆணையின் முதல் வாசகம் என்ன? 'சோதிடம் சேராத மூலிகை எவர் உடம்பிலும் இறங்கக் கூடாது.' அங்கே கை என்ற பேச்சே இல்லை. யார் பறித்தாலும், எப்படி வந்தாலும், சோதிடம் சேராத மூலிகை இளவரசியின் உடம்பில் இறங்கியதா இல்லையா? இதற்குக் காரணமானவனைத் தண்டிக்காவிட்டால் உடைவாளைத் தொட்ட சொல்லுக்கு மதிப்பு ஏது?"

குழைக்காதனின் முகம் வெளுத்ததை ராஜா பார்த்தார். இனி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார். உடையப்பர் மீசையை நீவிக்கொண்டார்.

"அப்படியானால் பிரதானியாரே" என்றான் குழைக்காதன் மெதுவாக, "மூலிகையோடு சோதிடமும் சேர்ந்து இறங்கியிருந்தால் குற்றம் இல்லை?"

"இல்லைதான். ஆனால் சேரவில்லையே."

"காலநிதியாரே, கீழாநெல்லிக்கு உரிய சோதிடம் எங்கே இருக்கிறது?"

காலநிதியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன், செடியிலேயே இருக்கிறது. கிரகம், நட்சத்திரம், ஓரை எல்லாம் எழுதி நானே கட்டியிருக்கிறேன். ஒரு செடி விடவில்லை."

"முழுச் சோதிடமும் அந்த நறுக்கில் உண்டா? ஏதாவது பாக்கி?"

"ஒரு எழுத்துக்கூடப் பாக்கியில்லை."

குழைக்காதன் ராஜாவை நோக்கிக் கும்பிட்டான். "மகாராசா, ஆள் அனுப்பிக் கிழக்குப் பாத்தியைப் பார்த்துவரச் சொல்லுங்கள். மேய்ந்த இடத்தில் ஓலை நறுக்கு ஒன்றாவது மிச்சம் இருந்தால் என் இரண்டு கைகளையும் இங்கேயே கொடுக்கிறேன். இந்த ஆடு ஒரு தடவைகூட வெறும் கீழாநெல்லியைத் தின்னவில்லை. ஓலையோடு, மஞ்சள் நூலோடு சேர்த்துத்தான் தின்றது. மூலிகையும் சோதிடமும் ஒரே வாயில் போய், ஒரே வயிற்றில் அரைபட்டு, ஒரே பாலாகச் சுரந்தன. இவ்வளவு நன்றாகச் சோதிடம் சேர்ந்த மருந்தை இந்தத் தேசத்தில் இதுவரை யாரும் குடித்ததில்லை. அதுவும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது நானில்லை. காலநிதியாரின் திருக்கரம். அமாவாசைக்கு முன்பே இளவரசிக்கு மருந்து போனது குற்றம் என்றால், அதைத் தயாரித்த கையைத்தான் முதலில் வெட்ட வேண்டும்."

 காலநிதியார் சட்டென்று இரண்டு கைகளையும் அங்கவஸ்திரத்துக்குள் ஒளித்துக்கொண்டார். 

"பொய்!" என்று கத்தினார் உடையப்பர். "ஆடு பச்சை இலையைத் தின்னும். காய்ந்த பனையோலையைத் தின்னுமா? எழுத்தாணி கீறிய ஓலையைத் தின்னுமா? யாரிடம் அளக்கிறாய்?" என்று கையிலிருந்த குற்றப்பத்திரத்தைக் குழைக்காதனின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

குழைக்காதனின் மூக்குக்குக் கீழேதான் ஆட்டின் மூக்கு இருந்தது. ஆடு கழுத்தை நீட்டி ஓலையைக் கவ்வியது. உடையப்பர் ஒரு முனையை இழுத்தார். ஆடு மறுமுனையை இழுத்தது. படக்கென்று முறிந்தது. பிரதானியின் கையில் அவருடைய கையொப்பம் மட்டும் மிஞ்சியது. குற்றம் முழுவதும் ஆட்டின் வாயில் மொறுமொறுவென்று அரைபட்டது. அரைத்து விழுங்கிவிட்டு, மிச்சத்துக்காக அவர் கையைப் பார்த்தது.

"கையெழுத்தையும் கொடுத்துவிடுங்கள் பிரதானியாரே" என்றான் குழைக்காதன். "பசித்த பிள்ளைக்கு ஏன் ஏக்கம்?"

சபை வெடித்துச் சிரித்தது. வேல்பிடித்த காவற்காரர்கள்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். ராஜா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிங்காதனத்தை விட்டு இறங்கிப் பூரணத்தம்மையிடம் வந்தார்.

"அம்மையே, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லும். ஆணைப்படி நாம் காத்திருந்தால், அமாவாசை கழிந்து அந்தப் புதன்கிழமை என்ன ஆகியிருக்கும்?"

பூரணத்தம்மை ராஜாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "புதன் ஓரை வந்திருக்கும் மகாராசா. கொளந்தை இருந்திருக்காது."

சிரிப்பு நின்றுவிட்டது. ராஜா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். காய்ச்சலோ விஷமோ பகைவனோ இல்லை, விக்கல் நின்ற சந்தோஷத்தில் தாம் சொன்ன வார்த்தை மகளின் கழுத்தைப் பிடித்திருந்தது. அதே வார்த்தை இப்போதும் ஒரு நெசவாளியின் கைமேல் நிற்கிறது.  பூரணத்தம்மைதான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். காலநிதியார் தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

"இந்த ஆணையை நான் எப்படித் தொலைப்பேன்?" என்றார் ராஜா. "உடைவாளைத் தொட்டுச் சொல்லிவிட்டேனே!"

"ஏன் தொலைக்க வேண்டும், மகாராசா?" என்றான் குழைக்காதன். "நல்ல ஆணை. மூலிகையோடு சோதிடம் சேர வேண்டும், அவ்வளவுதானே? எது முதலில், எது பின்னால் என்று ஆணையில் சொல்லவில்லையே. காலநிதியாரின் வேளை முந்த வேண்டும் என்பதுதான் சிக்கல். அதற்கும் வழி உண்டு. இந்தத் தேசத்தில் எந்த வைத்தியர், எந்த நோயாளிக்கு, எந்த நேரத்தில் மருந்து கொடுத்தாலும் அதுவே தாம் குறித்த வேளை என்று காலநிதியார் இன்றைக்கே ஒரு தடவை சபையில் சொல்லிவிடட்டும். நோயாளி எழுந்து உட்கார்ந்த பிறகு அவர் ஆற அமரப் போய், அது என்ன ஓரை, என்ன நட்சத்திரம், ஏன் பொருந்தியது என்று கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். சட்டமும் பிழைக்கும், ஜனங்களும் பிழைப்பார்கள்."

"குறித்தேன்!" என்றார் காலநிதியார், குழைக்காதன் முடிப்பதற்குள். அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து உயர்த்தியே சொன்னார். "எந்த நேரமும் நான் குறித்த நேரமே! இப்போது, இந்தக் கணம்கூட!"

அவர் சொன்ன அவசரத்தைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மகள் படுத்த நாளிலிருந்து அடைபட்டுக் கிடந்த சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிய வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே புரண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. சபை மறுபடியும் பதறிப்போய்க் காலநிதியாரைப் பார்த்தது. காலநிதியார் பூரணத்தம்மையைப் பார்த்தார். அவள் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். ராஜா குடித்தார். விக்கல் நின்றது.

"நல்ல வேளை" என்றார் காலநிதியார்.

நெசவாளியை அப்போதே விடுவித்தார்கள். மனைவிக்குக் கஷாயம் கொடுத்த அந்த நேரம் மிகச் சிறந்த நேரம் என்று காலநிதியாரே சிறைவாசலில் வந்து கணித்துச் சொன்னார். பிரதானி உடையப்பருக்கு, அமாவாசை வரை ஆட்டை மேய்க்கும் உத்தியோகம் கிடைத்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேய்க்க வேண்டும் என்பது உத்தரவு. ராஜா தம் பொன் கங்கணத்தைக் கழற்றி, "வெட்டப்பட இருந்த கைக்கு" என்று குழைக்காதனுக்குப் போட்டார். குழைக்காதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆபத்தில் இருந்தது இரண்டு கையும்தானே, மகாராசா?" என்று மற்றக் கையையும் நீட்டினான். ராஜா சிரித்துக்கொண்டே இன்னொன்றையும் கழற்றினார்.

குமுதவல்லி முழுக்கத் தேறி எழுந்து, ஆட்டுக்குப் பஞ்சாங்கம் என்று பெயர் வைத்தது. அந்தத் தேசத்தில் அதற்கப்புறம் பூரணத்தம்மை நாடி பார்த்த கையோடு மருந்து கொடுத்தாள். நோயாளி தேறியதும் காலநிதியார் வந்து கட்டம் போட்டு, கொடுத்த நேரம் நல்ல நேரம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கணக்கு அதன்பிறகு ஒரு நாளும் தவறவில்லை. பஞ்சாங்கம் எதிரே வரும் நாட்களில் மட்டும், சுவடிக் கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேறு தெரு வழியாக வருவார்.